மலை ஜீப் – 9: பேட்டரி மேல் போடும் பழி

சென்ற வாரம் கியர் பெட்டியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் கரண்ட்.

பழைய டீசல் ஜீப் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. பெட்ரோல் வண்டி மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் இதை லேசில் நம்ப மாட்டார்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் கொதித்துப்போன காற்றில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எம்.எம்.540 ஜீப்பில் வந்த 2112 சிசி பெஜோ எஞ்சினாகட்டும், பிறகு வந்த 2523 சிசி டி.ஐ. எஞ்சினாகட்டும், டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். வண்டியை நிறுத்தக்கூடப் பல ஜீப்களில் டேஷ்போர்டில் ஒரு கேபிளைத்தான் இழுக்க வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால், பேட்டரி இறங்கிப்போனாலும் பகல் வெளிச்சத்தில் போடிமெட்டு ஏறி இறங்கிவிடலாம்.

வசதி இதுதான், வினையும் இதுதான். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன்னே ஆளேற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில், காலையிலேயே சார்ஜ் நின்றுபோயிருந்தாலும் டிரைவருக்குத் தெரியாது. எஞ்சின் பாட்டுக்கு ஓடும். சாயங்காலம் ஹெட்லைட் மஞ்சளாக எரியும்போது சந்தேகம் வரும். மறுநாள் குளிரில் செல்ப் எடுக்காதபோது தீர்ப்பே எழுதப்பட்டுவிடும்: பேட்டரி போச்சு. பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதுசு வாங்கி மாட்டுவார்கள். சில நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதையே.

செய்யாத குற்றத்துக்கு இந்த அளவு தண்டனை வாங்கும் சாமான் ஜீப்பில் வேறில்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி எர்த்.

பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணே, புதுப் பேட்டரிண்ணே. செல்ப் டக்குங்குது, சுத்த மாட்டேங்குது.”

“ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்பு தம்பி. லைட்டு மங்குதா, அணையுதா, அப்டியே நிக்குதா? மொதல்ல அதச் சொல்லு.”

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஸ்பேனரை எடுக்குமுன் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். சாவியைத் திருப்பியதும் லைட் அடியோடு அணைந்தால், பேட்டரி டெர்மினல் பிடிப்பில்லை என்று அர்த்தம். மெல்ல மங்கிப்போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது செல்ப் மோட்டார் உள்ளே இறுகியிருக்கிறது. லைட் பளிச்சென்று அப்படியே நின்று, ‘டக்’ மட்டும் கேட்டால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சொலினாய்டின் உள்காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் எர்த் அறுந்திருந்தாலும் இதே அடையாளம்தான். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்டிங்குகளின் மேல். ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. செல்ப் மோட்டார் எஞ்சினில் பூட்டியிருப்பதால், அது இழுக்கும் கரண்ட் முழுவதும் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சினையும் சேஸையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான் வழி. ஹெட்லைட்டுக்கு பாடியிலேயே தனி எர்த் இருப்பதால் அது பாதிக்கப்படாமல் எரிகிறது. பட்டையோ வண்டிக்கு அடியில், சேறும் எண்ணெயும் படும் இடத்தில் கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். எர்த் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துரு அவ்வளவையும் தின்னும். பட்டை முழுதாக அறுந்துபோனாலோ, கரண்ட் கிடைத்த வழியில் திரும்பும்: ஸ்டாப் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் எதிலும். அந்த மெல்லிய கம்பிகள் சூடேறி, உறை உருகி, உள்ளே ஒட்டிக்கொள்ளும். ‘கேபிள் இறுகிப்போச்சு’ என்று புதுக் கேபிள் போட்டு அனுப்புவார்கள். அதுவும் கருகும்.

சோதனை சுலபம். ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடித்துவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். சுழன்றால் குற்றவாளி பிடிபட்டான். மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம்: ஒரு முனை மைனஸ் டெர்மினலில், மறுமுனை எஞ்சினில், செல்ப் சுற்றும்போது அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பூட்டி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும். பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகும் டிங்கரிங் வேலையைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

மீட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் டிஜிட்டல் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். அது இழுக்கும் கரண்ட் அவ்வளவு கொஞ்சம். ஒற்றை ஆள் நடந்து கடந்ததைப் பார்த்து இந்தப் பாலத்தில் லாரி போகும் என்று சான்றிதழ் கொடுப்பது போன்றது அது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப் இந்த ஏமாற்றுக்கு மசியாது. தடை ஏறிய ஒயரில் மங்கித்தான் எரியும். மலை மூடுபனியில் ஒயரின் உறைக்குள்ளேயே செம்பு கறுத்துப்போகும் என்பதால், ஜீப்பில் முதலில் வைத்திருக்க வேண்டியது அந்த ஓட்டை பல்புதான் என்பேன். மீட்டர் அதற்கு அடுத்துத்தான்.

இனி சார்ஜ். வண்டி இரவெல்லாம் நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ‘டைனமோ’வைக் கழற்றுவதற்குமுன் (ஆல்டர்நேட்டர் வந்து இத்தனை காலமான பிறகும் நம் ஊரில் அதன் பெயர் டைனமோதான்) டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கைப் பாருங்கள். சாவியைப் போட்டதும் அது எரிகிறதா? பல ஆல்டர்நேட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் முதல் கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் ஆனால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே இருந்துவிடக்கூடும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பல்புக்காக ஆர்மேச்சரையே மாற்றியவர்கள் உண்டு.

ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது வெறும் சார்ஜ் சமாசாரம் அல்ல. பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்நேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக்கின் துணையும் போகும். சில மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகும். மலை இறக்கத்தில் விளக்கு எரிந்தால் கியரைக் குறைத்து, ஓரமாக இடம் பார்த்து உடனே நிறுத்துங்கள். அதே பம்பின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கிக் கார்பனைப் பிசுபிசுப்பாக்கும். சீலை மாற்றாமல் கார்பனை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஹீட்டர் பிளக் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெஜோ எஞ்சினுக்குக் குளிர்காலையில் அது வேண்டும், டி.ஐ.க்குப் பெரும்பாலும் வேண்டாம். செல்ப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் எடுக்காமல் வெள்ளைப் புகை மட்டும் தள்ளினால் அங்கே பாருங்கள்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி ஓட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பியூஸ் எரிய மறுத்தால் ஒயரிங் எரியும். அதற்குப் பக்கத்தில்தான் டீசல் டியூப் போகிறது.

இதைவிட ஆபத்தில்லாததாகத் தோன்றும் வழக்கம் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, ‘வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லாருக்கு’ என்று சொல்வது. டீசல் வண்டி எப்படியும் நிற்காது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அது சோதனையே இல்லை. பேட்டரி விலகிய நொடியில் எகிறும் வோல்ட்டில் ஆல்டர்நேட்டரின் டயோடும் ரெகுலேட்டரும் எரிந்துபோகக்கூடும். எந்த மெக்கானிக் அந்த வேலைக்குக் கைநீட்டினாலும், தயவுசெய்து அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.