தூளிக் கயிறும் தொங்கு கொக்கியும்: விற்பவர் அறிய வேண்டியவை

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரம் விசைத்தறி ஓசை கேட்கும் பகுதி. தறிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளையைத் தூங்க வைக்க இங்கே பெரும்பாலான வீடுகளில் தூளி உண்டு. பாட்டி காலத்தில் ஒரு பழைய சேலையும் வீட்டு உத்திரமும் போதுமானதாக இருந்தன. இன்று தூளிக்கு வேண்டிய கயிறு, ஸ்பிரிங், வளையம், கொக்கி எல்லாம் நம் கடைகளில்தான் வாங்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் தோப்பிலும் சுற்றுலாவிலும் மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் வலை ஊஞ்சலையும் கேட்டு வருகிறார்கள்.

வலை ஊஞ்சல் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களின் கண்டுபிடிப்பு. 1492-இல் கொலம்பஸ் குழுவினர் அதைக் கண்டார்கள். பிறகு கப்பல் மாலுமிகளின் படுக்கையாக அது உலகெங்கும் பரவியது. தூளியானாலும் வலை ஊஞ்சலானாலும் சங்கதி ஒன்றே: ஓர் உயிரின் பாரம் ஒரு முடிச்சிலும் ஒரு கொக்கியிலும் தொங்குகிறது. நமக்குக் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான், பொறுப்போ பெரிது. எனவே கல்லாவில் இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்தக் கயிறு?

நூல் கயிறு கைக்கு மென்மை, முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் மக்கும். தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது. குழந்தையின் மேனி படும் இடத்துக்கு ஆகாது. நைலான் வலுவானது, ஆனால் பாரம் ஏறினால் நீளும். இரவில் உயரமாகக் கட்டிய ஊஞ்சல் விடியும்போது தரையைத் தொடுவது இதனால்தான். பளபளவென்று மலிவாக வரும் பாலிபுரொப்பிலீன் கயிறு வெயிலில் கிடந்தால் நொறுங்கும், வழுவழுப்பால் முடிச்சும் நழுவும். மூட்டை கட்ட அது போதும். ஆள் படுக்கக் கொடுக்க வேண்டாம். மரத்தைச் சுற்றிக் கட்ட, ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை நல்லது. அது அதிகம் நீளாது, மரப்பட்டையையும் அறுக்காது.

எந்தக் கயிறும் முடிச்சு போட்ட இடத்தில் வலுக் குறையும். சில முடிச்சுகளில் பாதியளவுக்கே குறைந்துவிடும். ஆகவே படுப்பவரின் எடைக்குச் சரியாகக் கயிறு கொடுப்பது தவறு. பல மடங்கு தாங்கும் கயிற்றையே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இழுத்துக் கட்டினால் பாரம் கூடும்

வலை ஊஞ்சலை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் 70 கிலோ இழுவை விழும். சரிவு 10 பாகையானால் அது சுமார் 200 கிலோ. 5 பாகையானால் சுமார் 400 கிலோ! பாகை அளக்கக் கருவி தேவையில்லை. 2 அடிக் கயிற்றுக்கு 1 அடி இறக்கம் இருந்தால் அதுவே 30 பாகை. வாங்குபவரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதி விபத்தைத் தவிர்க்கலாம்.

ஒரே கொக்கியில் நேராகத் தொங்கும் தூளியில் இப்படிப் பாரம் பெருகுவதில்லை. ஆனால் ஓங்கி ஆட்டினால் அங்கும் கூடும். நேர்நிலையிலிருந்து 60 பாகை வரை வீசி ஆட்டினால், கீழே வரும் நொடியில் கொக்கியின் மேல் இரண்டு மடங்கு பாரம் விழுகிறது.

நெசவாளர் கையில் உள்ள முடிச்சு

நம் ஊர்க்காரர்களுக்கு முடிச்சைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அறுந்த பாவு இழையை நொடியில் இணைக்கும் நெசவாளர் முடிச்சும், இரண்டு கயிறுகளை இணைக்க மாலுமிகள் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. அதே அமைப்பை ஒரே கயிற்றில் போட்டால் இறுகாத கண்ணி கிடைக்கும். கயிற்றில் சிறு கண்ணி போட்டு, நுனியை அதன் கீழிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மறுபடி அதே கண்ணிக்குள் இறக்கி இழுக்க வேண்டும். பாரம் தாங்கும்போது நழுவாது. பாரம் இறங்கியதும் எளிதில் அவிழும். நுனியை அரை அடியாவது விட்டு, அதையும் ஒரு முடிச்சால் கட்டிவிட வேண்டும். இல்லையேல் பாரமில்லாமல் ஆடும்போது தளரக்கூடும்.

குழாயிலோ உத்திரத்திலோ கட்டும்போது முதலில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு இரண்டு அரை முடிச்சுப் போடுவது நல்லது. சுற்றுகளே பாரத்தின் பெரும்பகுதியை ஏற்கும். இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கைக் குழந்தை கிடக்கும் இடத்தின் அருகில் எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

கொக்கியும் கூரையும்

வாய் திறந்த 'எஸ்' கொக்கி பாரத்தில் விரியும். ஆட்டும்போது கயிறு வெளியே வந்துவிடவும் கூடும். மூடிய வளையமோ பூட்டுள்ள கொக்கியோ மேல். சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கி, மலையேறுவோர் கொக்கியைப் போலவே தோன்றும். ஆனால் ஆள் பாரம் தாங்காது. அசல் கொக்கியில் 'கே.என்.' என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 1 கே.என். என்பது சுமார் 100 கிலோ. தூளி ஸ்பிரிங் விற்கும்போது, அதற்குத் துணையாக ஒரு தளர்ந்த கயிற்றையும் மேல் கொக்கியிலிருந்து கீழ்க் கொக்கி வரை கட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முறிந்தாலும் குழந்தை விழாது.

தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துப் பதித்த கொக்கியே சிறந்தது. சுவர்ப் பூச்சில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முறுக்கிய கொக்கி ஆபத்து. தகரக் கூரை வீட்டில் குழாயின் துருவையும் வெல்டிங்கையும் பார்க்காமல் கட்டக்கூடாது.

தூளியால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடும்போது சேலை முறுகிக் கழுத்தை இறுக்கிய துயரங்கள் நம் மாநிலத்திலேயே நடந்துள்ளன. குழந்தையைத் தூக்கியதும் தூளியை அவிழ்த்து வைக்கச் சொல்வது நம் கடமை.

சட்டம் சொல்வது

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் சில நிலைகளில் விற்பனையாளரும் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றிருந்தாலும், தயாரிப்பாளர் தராத உறுதியை நாமாகத் தந்திருந்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் பொறுப்பு நம் மேல் வரும். பெயரில்லாத கொக்கியை எடுத்துக் காட்டி, "யானையே தொங்கலாம்" என்று வாய்ச்சொல் தருவது இனி வியாபாரத் திறமை ஆகாது.

எனவே பெயரும் தாங்கும் எடையும் அச்சிட்ட சரக்கையே கொள்முதல் செய்வோம். பில் வாங்குவோம், பில் கொடுப்போம். கயிற்றுச் சுருளைக் கடை வாசல் வெயிலில் தொங்கவிடாமல் நிழலில் வைப்போம். "எதற்கு வாங்குகிறீர்கள், எதில் கட்டப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அந்தத் தூளியில் உறங்கப்போவது நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளை. நாளை நம் கடைக்கு வரப்போகும் வாடிக்கையாளரும் அதுவே.