உணவுத் தட்டும் களி உருண்டையும்: ஒசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் காட்சிவழி உணவு அறிவுரை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி 17 நெறிகளைக் கொண்டது. அவற்றின் சாரம் ‘ஒரு நாள் தட்டு’ என்னும் ஒரே படமாக வரையப்பட்டுள்ளது. 2000 கிலோ கலோரிக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85, கொட்டை வகைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லிலிட்டர் என்பது அதன் கணக்கு.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஒசூரில் வடமாநிலத் தொழிலாளரும் மிகுதி. எனவே எழுத்தைவிடப் படமே பயன்தரும் எனத் தோன்றும். ஆயின் படத்தையும் கற்றே படிக்க வேண்டியுள்ளது. மேற்கண்ட அளவுகள் சமைக்காத பொருளின் எடை. வேகும்போது தானியம் நீரேற்றுப் பெருகும், கீரையோ சுருங்கும். தொழிற்சாலை உணவகத்தில் அமர்பவர் முன் இருக்கும் தட்டு, படம் காட்டும் விகிதத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு நாளுக்குரிய அளவை ஒரு வேளைக்குரியதாகக் கொள்ளவும் இடமுண்டு.

இன்னொரு சிக்கல் இப்பகுதிக்கே உரியது. இங்குள்ள பழைய உணவான கேழ்வரகுக் களி (கன்னடத்தில் முத்தெ) உருண்டையாகப் படைக்கப்படுவது. வட்டத்தைக் கூறிட்டுக் காட்டும் வரைபடத்தில் உருண்டைக்கு இடமில்லை.

அமெரிக்கா 1992இல் அறிமுகப்படுத்திய உணவுப் பிரமிடைக் கைவிட்டு 2011இல் தட்டுப் படத்திற்கு மாறியது, மக்கள் அன்றாடம் காணும் கலம் அதுவே என்பதால்தான். அவ்வழியில் இங்கு வரைய வேண்டியது வெந்த களியின் பருமனும் கரண்டிக் கணக்கில் பருப்பும் கீரையும். அப்படம் உணவுக்கூடச் சுவரைவிடப் பரிமாறுமிடத்தில் இருப்பதே தகும். அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரண்டி பிடிப்பவர்.