ஞாயிறு பூட்டும் நாடும் நள்ளிரவு விழிக்கும் நாடும்

எந்த நாட்டில் வாழ்க்கை வசதி அதிகம் என்ற பேச்சு நம் கடைகளில் அடிக்கடி அடிபடும். சென்ற மாதம் என் கடைவாசலில் இரண்டு பேர் இதற்காகச் சண்டைக்கே போய்விட்டார்கள். ஒருவர் ஜெர்மனியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். மற்றவர் என் பழைய கூட்டாளி, மஞ்சள் மொத்த வியாபாரி. ஜப்பானில் ஒசாகா வரை போய் வந்தவர்.

ஜெர்மனிக்காரருக்கு ஒரே குறை. "ஞாயிற்றுக்கிழமை காலையிலே பால் தீர்ந்துபோச்சு அண்ணாச்சி. தெருத்தெருவாகச் சுற்றியும் ஒரு கடை திறந்திருக்கவில்லை. கையிலே காசு இருந்தும் கறுங்காப்பிதான்!" என்றார். (ரயில் நிலையத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ போயிருந்தால் கிடைத்திருக்கும். மகள் சொல்லவில்லை போலும்.) கூட்டாளி சிரித்தார். "ஒசாகாவில் ராத்திரி ஒரு மணிக்குச் சோற்று உருண்டை, சூடான தேநீர், மழைக்குக் குடை, எல்லாம் ஒரே கடையில் வாங்கினேன். வாழ்ந்தால் அங்கேதான் வாழணும்" என்றார்.

இருவர் சொன்னதும் நிஜம்தான். ஆனால் இருவரும் வியாபாரியாக இருந்தும் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசினார்கள். கல்லாவுக்குள் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு வெறும் பழக்கமல்ல. 1919-ம் ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தில் எழுதிய விதியை 1949-ம் ஆண்டு அரசியல் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. 1956-ல் வந்த கடையடைப்புச் சட்டப்படி, வார நாட்களில் மாலை 6.30-க்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கும் ஷட்டர் இறங்கியாக வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1996-ல் வார நாட்களில் இரவு 8 மணி ஆயிற்று. 2003-ல் சனிக்கிழமைக்கும் அதே நேரம் கிடைத்தது. 2006-ல் இந்த அதிகாரமே மாநிலங்களுக்குப் போயிற்று. இன்று பெர்லினில் ஆறு நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம். பவேரியாவில் எட்டு மணிதான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஆண்டுக்குச் சில விதிவிலக்குகள் தவிர யாராலும் அசைக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் திறக்கலாம் என்று பெர்லின் சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குப் போட, 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. பண்டிகை வியாபாரத்துக்கே இந்தக் கதி!

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஹெஸ்ஸே மாநிலத்தில் ஆளே இல்லாத தானியங்கிச் சிறுகடைகள் வந்தன. சிப்பந்தி இல்லையே, ஞாயிறு திறந்தால் என்ன என்று கேட்டார்கள். கடை கடைதான், பூட்டு என்று 2023-ல் மாநில நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் சட்டத்தைத் திருத்திய பிறகே அவற்றுக்கு வழி பிறந்தது.

இதில் வியாபாரிக்கு என்ன லாபம் என்பீர்கள். நான் மட்டும் ஞாயிறு அடைத்தால் என் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும். அந்தப் பயத்தில்தான் நம்மில் பலர் மகள் நிச்சயதார்த்தத்தன்றுகூடக் கடையைப் பாதிக் கதவில் வைத்திருக்கிறோம். எல்லாரும் சேர்ந்து அடைத்தாலோ, பால் வாங்குகிறவர் சனிக்கிழமையே வாங்கிவிடுவார். விற்பனை ஒரு நாள் முன்னே நகரும். பெரும்பகுதி எங்கும் போய்விடாது.

அதற்காக ஜெர்மனியை வியாபாரியின் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 'எம்மா அத்தை கடை' என்று அவர்கள் செல்லமாக அழைத்த மூலை மளிகைக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மளிகை வியாபாரத்தில் பெரும்பங்கு நான்கு பெரிய குழுமங்களின் கையில் இருக்கிறது. அந்த நான்கில் ஒன்றான எடேகா, 1898-ல் பெர்லினில் 21 மளிகை வியாபாரிகள் கூட்டாகக் கொள்முதல் செய்யச் சேர்ந்ததில் பிறந்தது. நம் சங்கக் கூட்டங்களில் கூட்டுக் கொள்முதல் என்று எத்தனை முறை பேசிவிட்டுக் காப்பி குடித்துக் கலைந்திருக்கிறோம்!

இனி ஜப்பானுக்கு வருவோம். 1974-ல் தோக்கியோவின் தொயோசு பகுதியில் ஒரு மதுக்கடைக்காரர் தம் கடையை அந்நாட்டின் முதல் செவன் இலெவன் ஆக மாற்றினார். மறு ஆண்டே கோரியாமா ஊரில் ஒரு கடை 24 மணி நேரமும் திறந்தது. இன்று இத்தகைய கடைகள் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து 50,000-க்கு மேல். மின் கட்டணம், வரி, பார்சல், பணம் எடுப்பது எல்லாம் அங்கேயே முடியும். வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பெரும்பாலான கடைகளின் முதலாளி நிறுவனம் அல்ல, நம்மைப் போன்ற தனி ஆள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறார். மொத்த லாபத்தில் நிறுவனம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். சிப்பந்தி சம்பளம் இவர் பாடு. நள்ளிரவில் நூறு யென்னுக்கு விற்றாலும் நிறுவனத்துக்கு வரவுதான். இவருக்கோ அந்த ஆளின் கூலிகூடத் தேறாது.

2019 பிப்ரவரியில் ஒசாகா பக்கத்தில் ஒரு கடைக்காரர், ஆள் கிடைக்காமல் இரவு 1 மணி முதல் காலை 6 வரை கடையை அடைத்தார். ஒப்பந்தம் ரத்தாகும், 1 கோடியே 70 லட்சம் யென் அபராதம் வரும் என்று எச்சரிக்கை வந்தது. அடுத்த மாதமே, இத்தகைய கடை முதலாளிகள் சங்கச் சட்டப்படி 'தொழிலாளர்' அல்லர், கூட்டாகப் பேரம் பேசும் உரிமை கிடையாது என்று மத்தியத் தொழிலாளர் உறவு ஆணையம் முடிவு சொன்னது. சிப்பந்திக்கு வேலை நேர வரம்பு உண்டு. ஆள் வராத இரவில் நிற்கிற முதலாளிக்கு அது கிடையாது. வாடிக்கையாளர் புகார்களைக் காரணம் காட்டி ஆண்டு முடிவில் அவர் ஒப்பந்தம் ரத்தாயிற்று. 2022-ல் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அவர் கிளப்பிய சர்ச்சை வீண்போகவில்லை. நிறுவனங்கள் நேரத்தைக் குறைக்க வழி விட்டன. நேரம் குறைப்பது பற்றிப் பேசவே மறுத்தால் சட்ட மீறலாகலாம் என்று 2020-ல் நியாய வர்த்தக ஆணையமும் சொன்னது.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு: ஜெர்மானியர் சராசரியாக ஆண்டுக்கு 1,340 மணி நேரம் அளவில் வேலை செய்கிறார். ஜப்பானியர் 1,600 மணி நேரம். ஆனால் சராசரி ஆயுள் ஜப்பானில் 84, ஜெர்மனியில் 81. ஓய்வு அதிகமானால் ஆயுளும் கூடும் என்று கணக்குப் போட்டால் தப்பாகும். அவர்கள் சாப்பாடும் நடையும் அதில் சேர்ந்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்க 2019-ல் அரசு அனுமதி தந்தது, 2022-ல் நீட்டித்தது. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். எதிர்க்கடைக்காரர் விரும்பிவிட்டால் நம் விருப்பம் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சங்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கூட்டாளியிடம் கேட்டேன்: "அந்த ராத்திரி கல்லாவில் இருந்தது யாரு?"

யோசித்தார். "வயசானவர். அறுபத்தைந்துக்கு மேலே இருக்கும். மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் தந்து குனிந்து கும்பிட்டார்."

"சிப்பந்தியா, முதலாளியா?"

"அதை நான் கேட்கலையே அண்ணாச்சி" என்றார்.