சிங்காரத்தோப்புச் சிறை

நவராத்திரி வந்துவிட்டால் ஸ்ரீவராகத்தில் நம்மவர் வீடுகளில் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் ஒலிக்கும். அந்த மன்னரின் ஆட்சியில், இதே திருவனந்தபுரத்தில், ஒரு தமிழர் தம் வழிபாட்டுக்காகச் சிறையிருந்தார் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவர் அய்யா வைகுண்டர். 1809இல் பிறந்தவர். ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு. கோயிலுக்குள் விடப்படாத மக்களைக் கூட்டி, ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் சேர்ந்து உண்ணவும் வைத்தார். தலைப்பாகை கட்டி, கண்ணாடி முன் நின்று, தமக்குள் இறைவனைக் காணச் சொன்னார். தாழ்ந்த குலத்தவர் தம்மைத் திருமாலின் அவதாரம் என்பதா என்று அரண்மனைக்குப் புகார் போயிற்று. 1838இல் பிடித்துவந்து சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள்.

தம் சாதியாரோடு மட்டுமே இருப்பதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்றார்களாம். அவர் மறுத்துவிட்டார் என்பது பக்தர்கள் வழிவழியாகச் சொல்வது. மூன்று மாதங்களுக்கு மேல் சிறையிருந்து, 1839இல் வெளியே வந்தார். அவருடைய மக்களுக்கு அரசின் கோயில்கள் திறக்க 1936 ஆகிவிட்டது.

மாசி மாதம் அய்யாவின் அவதார தினத்தையொட்டி, திருவனந்தபுரத்திலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கீர்த்தனையும் கற்கட்டும், இந்தக் கதையும் கேட்கட்டும்.