புலித்தோல் விரிப்பாகும் விதம்

புலியைச் சுட ஒரு நொடி போதும். அதன் தோலைக் கூடத்து விரிப்பாக மாற்றத்தான் வாரக்கணக்கில் பாடுபட வேண்டும்!

மகாராஜாக்களின் அரண்மனைகளிலும் வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்களிலும் வாயைப் பிளந்தபடி கிடந்த புலித்தோல் விரிப்புகளைப் படத்திலாவது எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்க்கிறவர்களின் கண் தலையின் மீதும் பல்லின் மீதும்தான் போகும். தொழில் தெரிந்தவர்களோ விரிப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். வேலையின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

மைசூர் கம்பெனி

இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்றது மைசூரில் இருந்த வான் இங்கன் கம்பெனி. யூஜின் வான் இங்கன் 1900-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய தொழிலை, போத்தா, டிவெட், ஜூபர்ட் என்ற பிள்ளைகள் வளர்த்தார்கள். மூன்றுமே போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்கள்!

புலியும் சிறுத்தையுமாகச் சுமார் 43,000 மிருகங்கள் இந்தக் கம்பெனியின் கை வழியே போயின என்பது கணக்கு. 2022-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் இருந்த புலிகளோ சராசரியாக 3,682 தான். கைத்திறனை மெச்சுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆணி அடித்த தோல்

உரித்த தோலுக்கு உடனே உப்பு போட வேண்டும். நம்முடைய வெயிலில் தாமதம் செய்தால் மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றுவிடும். பிறகு ஊறல், பதனிடுதல், உட்பக்கத்தைச் சீவி மெல்லியதாக்குதல். குண்டு பாய்ந்த ஓட்டைகளை உட்புறமிருந்து தைத்து மூடுவார்கள். இதற்கு முனை மூன்று பட்டையாக உள்ள தோல் ஊசிதான் வேண்டும். சாதாரண ஊசி தோலில் இறங்காது.

மிருகத்தின் உடம்பு உருண்டை, விரிப்போ தட்டை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் புடைத்து நிற்கும். அங்கே ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிட்டால் புடைப்பு அடங்கும். மேலே மயிர் மூடிக்கொள்வதால் தையல் தெரியாது.

அடுத்து, ஈரத் தோலைப் பலகையில் மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுற்றிலும் நெருக்கமாக ஆணி அடிப்பார்கள். முதுகுத்தண்டின் கோடு நேராக இருக்க வேண்டும். இடதும் வலதும் ஒத்துப்போக வேண்டும். ஈரத் தோல் இழுத்த இழுப்புக்கு நீளும். எட்டடிப் புலி பலகையில் ஒன்பதடிப் புலியாக வளர்வதும் உண்டு! வேட்டைக்காரர்களின் பெருமைக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். பிறகு எந்த அடித்துணியும் அதை நிமிர்த்தாது.

அலை அலையாக ஓரம்

காகிதக் கூழில் செய்த உள்ளுரு, கண்ணாடிக் கண் ஆகியவற்றோடு தலை தயாரானதும் ஓரத்து வேலை தொடங்கும். ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி, அதன் வெளி ஓரத்தைப் பல் பல்லாகவோ அலை அலையாகவோ கத்தரித்து, தோலின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெளியே நீட்டித் தைப்பார்கள். வேறு நிறத்தில் இரண்டாவது பட்டை வைப்பதும் உண்டு.

இது வெறும் அலங்காரம் அல்ல. நடக்கிறவர்களின் கால் தோலின் விளிம்பில் படாமல் தடுப்பது இந்தப் பட்டைதான். வெட்டில் உள்ள கோணல் மாணலையும் அது மறைக்கும்.

பட்டைக்குப் பிறகு மெல்லிய பஞ்சு அடுக்கு. அதற்குமேல் கித்தான் அல்லது முரட்டுத் துணி. ஓரத்தில் மட்டும் தைத்தால் நடுவில் துணி தொங்கும். பஞ்சும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். ஆகவே இடையிடையே உட்பக்கத்திலிருந்து ஒரு தையல் பிடிக்க வேண்டும். சுவரில் மாட்டும் விரிப்பானால் அதன் பாரம் முழுவதையும் இந்தத் துணிதான் தாங்க வேண்டும். வளையங்களைத் தோலில் தைக்காமல் துணியில் தைப்பதற்கு அதுவே காரணம்.

பசை தடவி ஒட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் பல பசைகள் ஆண்டுகள் போனால் இறுகிவிடும். தோல் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும்; பசை அசையாது. கடைசியில் கிழிவது தோல்தான். தையலானால் பிரிக்கலாம், மறுபடி தைக்கலாம்.

பழைய விரிப்பு உள்ளவர்களுக்கு

1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இத்தொழிலை அடக்கியது. மைசூர் கம்பெனி 1999-ஆம் ஆண்டு வாக்கில் மூடப்பட்டது. ஜூபர்ட் வான் இங்கன் 2013-இல் தமது நூறாவது வயதில் காலமானார். தாத்தா காலத்துப் புலித்தோல் ஆனாலும், உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது இன்று குற்றம். விற்கவோ வாங்கவோ கூடாது.

சான்றிதழோடு வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த நாளில் பாடம் செய்கிறவர்கள் பாஷாணம் கலந்த சோப்பைப் பரவலாகத் தடவினார்கள். அந்த விஷம் எளிதில் போகாது. பழைய விரிப்பில் குழந்தைகளைப் படுக்க வைப்பதும், அதைத் தடியால் தட்டித் தூசி கிளப்புவதும் ஆபத்து. தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

அடித்துணி நைந்துபோனால் முழுவதையும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதுத்துணி போடுவதும் சரியல்ல. செய்தவர்களின் சீட்டு பல விரிப்புகளில் அந்தத் துணியில்தான் இருக்கும். பிரிட்டனில் இப்படிப்பட்ட பழம்பொருள்களை விற்கும்போது, 1947 மார்ச் 3-ஆம் தேதிக்கு முன்பே பாடம் செய்யப்பட்டதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் புலியின் தலையோ பல்லோ பதில் சொல்லாது. கந்தலாகிப் போன அடித்துணியில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சீட்டு சொல்லக்கூடும்.