வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வருமா? கேரவனில் ஜெராய் மலைக்குப் புறப்படும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கேரவன் வாடகைக்கு எடுத்தாச்சு. ஐஸ் பெட்டி நிரப்பியாச்சு. யாருக்கு மேல் படுக்கை, யாருக்குக் கீழ்ப் படுக்கை என்ற சண்டையும் ஒருவழியாக முடிந்துவிட்டது. அடுத்த கேள்வி: எங்கே போவது?

கடல் வேண்டும், காட்டில் கொஞ்சம் நடக்க வேண்டும், அருவியில் குளிக்கவும் வேண்டும், எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும் என்றால், கெடாவின் ஜெராய் மலையடிவாரம் நல்ல தேர்வு. பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே ஓட்டினால் மலை கண்ணில் பட்டுவிடும்.

அதே அடிவாரத்தில்தான் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி 6 பேர் உயிரிழந்தனர். மலைமேல் பெய்த கனமழை மண்ணையும் பாறைகளையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு யான் வட்டாரத்துக்குள் இறங்கியது. பலரும் குடும்பத்தோடு குளிக்கப் போகும் தித்தி ஹாயுன் அருவிப் பகுதியும் அதில் சிக்கியது.

அப்படியென்றால் போகவே கூடாதா? போகலாம். ஆனால் எதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவது, எப்போது கரையேறுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஜெராயில் ஏன் இத்தனை அருவிகள்?

வரைபடத்தைப் பாருங்கள். மற்ற மலைகள் தொடராக உள்நாட்டில் இருக்க, ஜெராய் மட்டும் கடற்கரைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர். உச்சியிலிருந்து கடல், நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டருக்கும் குறைவு.

மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதுகிறது. முன்னால் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. காற்றிலிருந்த ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டுகிறது.

அந்த மழையைக் காடு வாங்கிக்கொள்கிறது. உயர்ந்த மரங்களின் இலைகள் மழையின் வேகத்தைக் குறைக்கின்றன. தரையில் கிடக்கும் இலைச் சருகும் வேர்களும் தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, மெதுவாக ஓடைகளுக்கு விடுகின்றன. மழை இல்லாத நாளிலும் அருவியில் தண்ணீர் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

யான் பக்கம் தித்தி ஹாயுன், செரி பெரிகி, பத்து ஹம்பார். மெர்போக் பக்கம் தூப்பா. இப்படி மலையைச் சுற்றிலும் அருவிகள். பெயர்களே கதை சொல்லும். மலாயில் 'பெரிகி' என்றால் கிணறு. 'பத்து ஹம்பார்' என்றால் விரிந்து கிடக்கும் பாறை.

ஆனால் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. நாள்கணக்கில் நனைந்த மண்ணின்மேல் இன்னொரு பெருமழை கொட்டினால், காடு அதை வாங்கிக்கொள்ள முடியாது. எல்லாம் ஓடைக்கு வரும், வேகமாக வரும்.

'கெபாலா ஆயர்' என்றால் என்ன?

செய்திகளில் இந்த மலாய்ச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நேராகச் சொன்னால் 'தண்ணீரின் தலை'. ஓடையில் திடீரென்று சுவர்போல எழுந்து வரும் நீர்ப்பெருக்கு.

அது இரண்டு விதமாக உருவாகலாம்.

முதலாவது, மேலே பெய்த மழை நேரடியாக இறங்குவது. ஜெராய் போன்ற செங்குத்தான மலையில் ஓடைகள் குட்டையானவை. பெரிய ஆற்றில் வெள்ளம் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். இங்கே அவ்வளவு அவகாசம் கிடைக்காது.

இரண்டாவது, இன்னும் ஆபத்தானது. ஒடிந்த கிளைகள், சரிந்த மண், உருண்ட பாறைகள் ஓடையின் குறுகலான இடத்தில் சிக்கி ஒரு தற்காலிக அணையாகிவிடும். அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டே போகும். பாரம் தாங்காமல் அது உடைந்தால், தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் கீழே வரும். தண்ணீர் மட்டும் வராது. மரத்தடியும் கல்லும் சேர்ந்தே வரும்.

"இங்கே வெயில் அடிக்குதே, அப்புறம் என்ன பயம்?" என்று யாராவது கேட்பார்கள். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, உச்சியில் பெய்தால் போதும். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாகவே இருக்கலாம்.

மேலே மழை பெய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காட்டுக்குள் போய்விட்டால் உச்சி தெரியாது. மரக்கூரை மறைத்துவிடும். அதனால் அருவிக்குப் போகும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.

யான் அதற்கு வசதியான ஊர். குரூணில் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி, குவார் செம்படாக் வழியாகப் போனால் இருபுறமும் வயல்வெளி. மூடா பாசனத் திட்டத்தின் கீழ் வரும் தட்டையான நெல் நிலம். அதற்கு மேலே முழு மலையும் ஒரே பார்வையில் தெரியும்.

பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மலையைப் பாருங்கள். உச்சியில் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல மெல்லிய மேகம் மட்டும் இருப்பது சாதாரணம். கறுத்த மேகம் திரண்டு நிற்கிறதா? மேகத்துக்குக் கீழே சாம்பல் திரை தொங்குவதுபோல மழை இறங்குகிறதா? இடி கேட்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அருவி வேண்டாம். கடற்கரைக்குப் போங்கள்.

கண்ணுக்குத் துணையாகக் கைப்பேசியும் இருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். தொடர்மழை எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகள். அன்றைய நிலவரத்தோடு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் எவ்வளவு மழை பெய்தது என்பதையும் பாருங்கள். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் சின்ன மழையும் பெரிய வேலை செய்யும்.

ஒரு நாள் பயணம்: எந்த வரிசையில் போகலாம்?

வழக்கமாக நாம் என்ன செய்வோம்? காலையில் தாமதமாக எழுந்து, ரொட்டி சானாய் சாப்பிட்டு, கடற்கரையைச் சுற்றிவிட்டு, பிற்பகலில் வெயில் ஏறியதும் "வாங்க, அருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வரலாம்" என்று கிளம்புவோம். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில், குறிப்பாகப் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டிய வாரங்களிலும், இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். காலை வெயிலில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலே எழுந்து, மேகம் திரள அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

காலை 8 மணி: வயல்வெளியில் நின்று மலையைப் பார்த்தாச்சா? வானம் தெளிவாக இருந்தால் யானில் ஓர் அருவியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று போதும். காட்டுப் பாதையில் நிதானமாக நடங்கள், குளியுங்கள்.

நண்பகல்: தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சமைப்பது, சாப்பிடுவது எல்லாம் ஓடையைவிட்டுத் தள்ளி.

பிற்பகல்: கடலோரச் சாலையில் சிங்கிர் வழியாகத் தெற்கே மெர்போக். அங்கே பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் இருக்கிறது. மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய சரிவில், ஓடைக்கரையில், புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் கருங்கல் அடித்தளம் நிற்கிறது. 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம், இந்தக் கெடா என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். பாய்மரக் கப்பல்களில் வந்தவர்களுக்குத் தூரத்திலிருந்தே கரையைக் காட்டிய அடையாளம் இந்த ஜெராய் மலைதான்.

மாலை: மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர்போன மீனவக் கிராமம். கரை மேற்கைப் பார்த்திருப்பதால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். திரும்பிப் பார்த்தால் பின்னால் மலை. அப்போது உச்சியில் மின்னல் வெட்டினால் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். நீங்கள்தான் எப்போதோ அங்கிருந்து வந்துவிட்டீர்களே.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' எனப்படும் காற்றுமழை விடியற்காலையிலேயே நீரிணையைக் கடந்து வரும். அதனால் "காலைதானே" என்று மலையைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

இன்னொன்று: கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கூட்டம் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

தண்ணீரில் இருக்கும்போது எதைக் கவனிப்பது?

குழுவில் ஒருவர் எப்போதும் கரையில் இருக்கட்டும். மாறி மாறி இருக்கலாம். அவருடைய வேலை, ஓடையின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. இவற்றைக் கண்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும்:

• தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கி, பழுப்பு நிறமாக மாறுவது

• இலை, சுள்ளி, மரத்துண்டுகள் அதிகமாக மிதந்து வருவது

• தண்ணீர் மட்டம் திடீரென ஏறுவது

• தண்ணீர் மட்டம் திடீரெனக் குறைவது. மேலே எங்கோ அடைப்பு விழுந்திருக்கலாம்

• லாரி வருவதுபோல இரைச்சல், கல் உருளும் சத்தம்

ஒரு கல்லில் கண் வைத்துக்கொள்வது எளிய வழி. தண்ணீருக்கு மேலே தெரியும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். அது மூழ்க ஆரம்பித்தால் கிளம்ப வேண்டும்.

அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

பக்கவாட்டில், மேட்டை நோக்கி ஓடுங்கள். ஓடை ஓடும் திசையிலேயே ஓடினால் தண்ணீர் உங்களை முந்திவிடும். எதிர்க்கரையில் செருப்பு, பை, கைப்பேசி எது இருந்தாலும் கடந்து போகாதீர்கள்.

"முழங்கால் அளவுதானே, நடந்து போயிடலாம்" என்று தோன்றும். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரே வளர்ந்த ஒருவரைத் தள்ளிவிடப் போதும். 30 சென்டிமீட்டர் தண்ணீர் சிறிய காரை மிதக்கவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துக்கொண்டு போகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

மேட்டில் பாதுகாப்பாக நின்றபிறகு 999 எண்ணை அழையுங்கள். காட்டுக்குள் தொடர்பு கிடைக்காமல் போகலாம். அதனால் எந்த அருவிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டே போங்கள்.

கேரவனை எங்கே நிறுத்துவது?

ஓடைக்கரை மணல்திட்டு அழகான இடம். படம் எடுத்தால் விருப்பக்குறிகள் குவியும். ஆனால் அந்த மணலை அங்கே கொண்டுவந்து கொட்டியதே முந்தைய வெள்ளம்தான். மேடான, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள். வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கட்டும். காய்ந்த கிளைகளுக்கு அடியில் வேண்டாம். பழக்காலத்தில் டுரியான் மரத்தடி வேண்டவே வேண்டாம்.

திரும்பும் வழியில் ஒரு பாலத்தையோ தாழ்வான கடப்பையோ தாண்ட வேண்டியிருந்தால், மழை தொடங்கும் முன்னரே கிளம்பிவிடுங்கள். கேரவனின் உயரமான பக்கச் சுவர் காற்றையும் வாங்கும், தண்ணீரையும் வாங்கும்.

குரூணிலிருந்து உச்சிக்கு ஏறும் சாலை குறுகலானது, செங்குத்தானது, வளைவுகள் நிறைந்தது. கேரவனோடு அதில் ஏறாதீர்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழே கிராமங்கள் இருக்கின்றன.

வீடு திரும்பியபிறகு?

அருவியில் குளித்த சில நாள்களில் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள். "அருவியில் குளித்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி, தோலிலுள்ள காயத்தின் வழியாக உடலுக்குள் போகும். அறிகுறி தெரிய 2 நாள் முதல் 30 நாள் வரை ஆகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து, மேல்பக்கத்தைப் பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

காலையில் அருவி, மாலையில் கடல். தண்ணீரில் கால் வைக்கும் முன் மலையின் தலையைப் பாருங்கள். "இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம்" என்று யாராவது கெஞ்சினால், தண்ணீருக்கு மேலே நீங்கள் குறித்துவைத்த அந்தக் கல் இன்னும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.