கதிர் பிறப்பது தண்டுக்குள்ளே



நம்ம நாஞ்சில் நாட்டில் போகத்துக்குப் 'பூ' என்று பேர். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. கதிர் வெளியே தலைகாட்டின பிறகுதான் 'பயிர் கதிருக்கு வந்தாச்சு' என்கிறோம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முந்தியே கதிர் தண்டுக்குள் பிறந்துவிடுகிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"வைக்கோல் படப்பு வீட்டு உயரம் இருக்கு, நெல்லைத் தூற்றினா பாதி சாவி. என்ன காரணம் அண்ணாச்சி?" என்று களத்தில் நின்று கேட்பவர்கள் உண்டு. காரணம் பல இருக்கலாம். ஆனால் பல வயல்களில், அறுப்புக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னால் நாம் செய்ததும் செய்யத் தவறியதும்தான் களத்தில் தெரிகிறது.

நெற்பயிரின் வாழ்வை மூன்று பகுதியாகப் பார்க்கலாம். முதல் பகுதியில் வேர், இலை, தூர் எல்லாம் வளரும். இரண்டாவது, கதிர் உருவாகி வெளியே வரும் காலம். இது சுமார் 30 நாள். மூன்றாவது, பூத்து மணி முற்றும் காலம். நம்ம ஊர் வெப்பத்தில் இதுவும் சுமார் 30 நாள். குறுகிய காலப் பயிரோ நீண்ட காலப் பயிரோ, பிந்தின இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ரகத்துக்கு ரகம் கூடிக் குறைவது முதல் பகுதி மட்டுமே.

ஆகவே கணக்கு சுலபம். பயிரின் மொத்த வயதில் 60 நாளைக் கழியுங்கள். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். 5 ரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வயது சுமார் 118 நாள். 60 போனால் 58. விதைத்த 58-ஆம் நாளை ஒட்டித் தண்டுக்குள் கதிர் தோன்றுகிறது. நட்ட நாளிலிருந்து அல்ல, நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இதுதான் முக்கியம்.

25 நாள் நாற்றை நட்டால், வயலில் வேர் பிடித்துத் தூர் வைக்க 33 நாள் கிடைக்கும். தண்ணீர் பிந்திவிட்டது என்று 40 நாள் நாற்றை நட்டால் கிடைப்பது 18 நாள்தான். நட்ட வாட்டம் தெளியவே ஒரு வாரம் போய்விடும். பிறகு எப்போது தூர் வைப்பது?

"எங்க பாட்டா காலத்தில் முதிர்ந்த நாற்றும் விளைஞ்சுதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காலத்து நெடுநாள் நெல்லில் பல, இரவு நீளும் பருவத்தை அறிந்து கதிர் வைப்பவை. முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் கதிர் தள்ளுவது அந்தப் பருவத்தில்தான். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 அப்படிப்பட்டதல்ல, பகல் நீளத்தை அதிகம் பாராமல், நாள் கணக்கில் கதிர் வைக்கும். அந்த ஐ.ஆர். 8-ஐயும் நம்ம கட்டிச்சம்பாவையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கி, 1985-ல் வெளியிட்டதே டி.பி.எஸ். 1. இன்றைய குறுகிய கால ரகங்கள் நமக்காகக் காத்து நிற்பதில்லை.

கணக்கைக் கண்ணாலும் பார்த்துவிடலாம். வயலில் நாலைந்து இடத்தில், குத்துக்கு ஒரு தாய்த்தூரைப் பிடுங்கிக் கத்தியால் நெடுகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்குச் சற்று மேலே பஞ்சு நுனி போல வெள்ளையாகச் சிறு முளை தெரியும். பஞ்சு கட்டும் பருவம் என்பது இதுதான். கண்ணில் படுவதற்குச் சில நாள் முந்தியே வேலை தொடங்கியிருக்கும்.

சினைப்பசுவை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 280 நாள் சுமக்கிறது. கன்றின் தலை, கால், குடல் எல்லாம் முதல் இரண்டு மாதத்துக்குள் உருப்பெறுகின்றன, பிறகு வளர்கின்றன. கன்று போட்ட பிறகு எவ்வளவு தீனி வைத்தாலும் வயிற்றில் விட்ட குறை முழுதும் தீராது. கதிரும் அப்படியே. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது தண்டுக்குள்ளேயே முடிவாகிறது. உணவு போதாவிட்டால் உண்டான அரும்பில் சில அங்கேயே மடியும்.

ஆகவே மேலுரத்தில் ஒரு பங்கு யூரியாவும் பொட்டாஷும் பஞ்சு கட்டும் நாளை ஒட்டிப் போய்ச் சேர வேண்டும். அளவை மண் பரிசோதனைப்படி வையுங்கள். 'பயிர் கறுப்பா நிக்கட்டும்' என்று யூரியாவைக் கூட்டினால் இலைதான் பெருக்கும். பூச்சியும் சாய்வும் கூட வரும்.

அடுத்தது தண்ணீர். கதிர் வெளிவர பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, தொண்டைக் கதிருக்குள் மகரந்தம் உருவாகிறது. அப்போதிலிருந்து பூத்து முடியும் வரை வயல் காய்ந்து வெடித்தால், மணி பதராகும். கடைமடைக்காரர்கள் இந்த நாட்களை முன்கூட்டியே எண்ணி வைத்து, முறைத் தண்ணீரைக் கேட்டு வாங்க வேண்டும்.

நெற்பூ காலையில் வெயில் ஏறும்போது திறக்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் ஆறு மகரந்தப் பைகளும் தூளை உதிர்த்துவிடும். பெரும்பாலும் தன் பூவின் தூளே தனக்குப் போதும். பூக்கும் நாட்களில் காலையில் மருந்து தெளிக்காதீர்கள். அவசியமானால் சாயங்காலம் தெளியுங்கள்.

பூத்த பின் மணியில் பால் ஏறுகிறது. அந்தப் பாலில் பெரும்பங்கை வெயிலில் சமைத்துக் கொடுப்பது கதிரை ஒட்டி நிற்கும் கண்ணாடி இலையும் அதற்குக் கீழுள்ள ஓரிரு இலைகளும்தான். அந்த இலைகளை இலைச்சுருட்டுப் புழு சுரண்டினால் மணியின் எடை குறையும். வரப்பில் நின்று பார்த்தால் போதாது. உள்ளே இறங்கிப் பாருங்கள்.

இந்தப் பூவிலிருந்து ஒரு காரியம் செய்யுங்கள். விதைத்த தேதியைக் காலண்டரில் குறித்து, வயதில் 60 கழித்து வரும் நாளையும் வட்டம் போட்டு வையுங்கள். அந்த வாரத்தில் கையில் ஒரு கத்தியோடு வயலுக்குப் போங்கள். மேலுரம் எப்போது என்பதைப் பயிரே சொல்லும்.